ஏட்டில் பால் குடித்த பிள்ளை

7.7.2025, காலை

பதினாலாம் மேஜையில் இரண்டாம் ஷிப்டு பார்க்கிறவருக்கு,

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் முதல் ஷிப்டு சூசைமேரி. காருக்குள் போகிற வயர்க் கட்டைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்து முத்திரை போடுகிற இந்த மேஜையில் பதினோரு வருடமாக உட்காருகிறேன். முன்வாசலில் எங்கள் பஸ் கிளம்பின பிறகுதான் பின்வாசலில் உங்களை உள்ளே விடுகிறார்கள். அதனால் நேரில் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன்.

இரண்டு விஷயம். ஒன்று, காலையில் வந்து உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டுவதில்லை. நாற்காலியை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் போக நீங்கள் என்ன ஒட்டகச்சிவிங்கியா? இரண்டு, டிராயரில் நான் சேர்த்து வைத்திருந்த கையுறைகளில் மூன்று ஜோடி காணோம். திருடினீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்தவர் திருப்பி வைத்தால் நல்லது என்றுதான் சொல்கிறேன்.

சூசைமேரி

7.7.2025, இரவு

சூசைமேரி அக்காவுக்கு,

என் பெயர் ஜைபா. ஊர் பாகலூர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். ஒட்டகச்சிவிங்கி என்று ஆறாம் வகுப்பிலேயே பெயர் வைத்துவிட்டார்கள், நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

கையுறை எடுத்தது நான்தான். உங்களுக்குத் தினம் ஒரு ஜோடி தருகிறார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் திங்கட்கிழமை ஒரு ஜோடி கொடுத்தால் அடுத்த ஜோடி அடுத்த திங்கட்கிழமைதான். புதன்கிழமையே விரல் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. அதே மேஜை, அதே முத்திரை, அதே வயர். அடையாள அட்டையின் நாடா உங்கள் நீலமா எங்கள் மஞ்சளா என்று பார்த்துக்கொண்டா வயர் கிழிக்கிறது?

நீங்கள் சேர்த்து வைத்திருந்தது பதினேழு ஜோடி. பதினேழில் மூன்று போனால் தெரியாது என்று நினைத்தேன். எண்ணி வைப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இத்துடன் ஒரு ஜோடி திருப்பி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் கிழிந்துவிட்டன.

நாற்காலியைப் போகும்போது இறக்கி வைக்கிறேன்.

ஜைபா

9.7.2025

ஜைபாவுக்கு,

இன்று கால் தரையில் எட்டியது. பதினோரு வருடத்தில் யாரும் எனக்காக நாற்காலியை இறக்கி வைத்ததில்லை.

கையுறை வாரத்துக்கு ஒன்று என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது பெருமை இல்லை, ஆனாலும் உண்மை. டிராயரின் இடது பக்கம் இனி உனக்கு. தினமும் ஒன்று வைப்பேன். மருந்துக்குக்கூடப் பழையதை வைக்கமாட்டேன். என்னைவிட சின்னவள் என்று எழுத்திலேயே தெரிவதால் நீ என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் போன் நம்பரை எழுதி வை. உள்ளே கொண்டுவர முடியாவிட்டாலும் வீட்டிலிருந்து பேசலாம்.

சூசைமேரி

16.7.2025

அக்காவுக்கு,

நம்பர் தரமாட்டேன். பேச ஆரம்பித்தால் எனக்கு ஆமாம், இல்லை தவிர வேறு வார்த்தை வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது. எழுதியே பேசுவோம்.

ஒன்று கேட்க வேண்டும். கேண்டீன் பக்கத்தில் பிள்ளைகள் காப்பகம் இருக்கிறதே, சுவரில் யானை வரைந்த அறை, அதில் இரவு பத்து மணி வரைக்கும் விளக்கு எரிகிறது. உள்ளே ஆயா ரஞ்சிதா மட்டும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிள்ளைகூட இல்லை. நேற்று தண்ணீர் பிடிக்கப் போனபோது பார்த்தேன், ஒரு கரடிப் பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், சட்டப்படி இரண்டு ஷிப்டும் திறந்திருக்க வேண்டுமாம். ஆனால் இரண்டாம் ஷிப்டில் இருப்பது முழுக்கக் காண்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள்தான். எங்கள் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

எனக்கு மூன்று வயதில் ஒரு மகள், நிகத். என் வீட்டுக்காரர் தஸ்தகீர் ரோஜாப்பூ டெம்போ ஓட்டுகிறார். மதியம் லோடு ஏற்றப் போனால் பெங்களூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு விடியும்போதுதான் வீடு. பக்கத்து வீட்டு முனிலட்சுமியம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மகளுக்குப் பிரசவ நேரம். செப்டம்பர் பிறந்தால் மகள் ஊரான பேரிகைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு நான் வேலையை விட வேண்டியதுதான்.

லீவு போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது. பிப்ரவரியில் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தேன். பெயரை அடித்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் புது நம்பர் போட்டுப் புது ஆளாகச் சேர்த்தார்கள். மூன்று வருடமாக வேலை செய்கிறேன், ஏட்டில் எனக்கு வயது ஐந்து மாதம்.

ஜைபா

4.8.2025

ஜைபா,

நல்ல சேதி. உட்கார்ந்து படி, நாற்காலியை உன் உயரத்துக்கே ஏற்றி வைத்திருக்கிறேன்.

அந்தக் காப்பகக் கமிட்டியில் தொழிலாளர் சார்பில் நான் ஒரு மெம்பர். என் மகன் எட்சன் அங்கேதான் இருக்கிறான் என்பதால் என் தலையில் கட்டினார்கள். மாதக் கடைசியில் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் என் உத்தியோகம். இன்று ஹெச்.ஆர். பிரியதர்ஷினி மேடம் கூப்பிட்டார். நம் வயரை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து புதன்கிழமை மதியம் ஆள் வருகிறார்களாம். காப்பகத்தைப் பார்ப்பார்களாம். இரண்டாம் ஷிப்டுப் பிள்ளைகள் வேண்டும், யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

முதல் பெயராக நிகத்தைச் சொன்னேன். இன்னும் நான்கு பெயர் சேர்ந்திருக்கிறது. வாசலில் பாஸ் கொடுப்பார்கள். முனிலட்சுமியம்மாவை நிம்மதியாகப் பேரிகைக்குப் போகச் சொல். எட்சனையும் நான்கு மணி வரை வைத்திருக்கச் சொன்னார்கள், நானும் இருப்பேன். உன் மகளை உனக்கு முன்னால் நான் பார்க்கப்போகிறேன், அதாவது உன்னைப் பார்ப்பதற்கு முன்னால்.

சூசைமேரி

8.8.2025

சூசைமேரி அக்காவுக்கு,

புதன்கிழமை நிகத் பால் குடித்தாள். பிஸ்கட் தின்றாள். மெத்தையில் தூங்கினாள். கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் டீஷர்ட் போட்டு அவளைப் போட்டோ எடுத்தார்கள். இரவு பத்து மணிக்கு டீஷர்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவளே ரம்ஜான் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வேன் ஏறினாள். வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். "பாஸ் நேத்தோட முடிஞ்சிதும்மா" என்றார். நான் ஒருத்தி இல்லை, ஐந்து பேர் பிள்ளையும் கையுமாக நின்றோம். பெரிய கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகள் கேட்டாள், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

முனிலட்சுமியம்மாவிடம் இனிப் பிள்ளையை விடமாட்டேன் என்று உங்களை நம்பிச் சொல்லியிருந்தேன். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். திரும்ப பாகலூருக்கே பஸ் ஏறினோம். வழி முழுக்க அவள் யானை யானை என்று அழுதாள்.

ஒரு நாள் கூத்துக்கு வேஷம் கட்டவா என் பிள்ளையின் பெயரைக் கொடுத்தீர்கள்? உங்களுக்கு மேடத்திடம் நல்ல பெயர். எங்களுக்கு என்ன?

ஜைபா

11.8.2025

ஜைபா,

ஒரு நாளைக்கு என்று மேடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காதது என் தப்பு. எனக்கு உள்ளே போவது எப்போதுமே சுலபமாக இருந்ததால், உள்ளே விட்டால் வெளியே அனுப்புவார்கள் என்று தோன்றவே இல்லை. உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். ஜூஜுவாடி ஸ்டாப் வருவதற்குள் மூன்றுமுறை படித்தேன். அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று நான்கு மணி வரைக்கும் நிகத்தைப் பார்த்தேன். எட்சன் பேசாத பிள்ளை, பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். உன் மகள் போனதும் அந்த வரிசையைக் காலால் தள்ளிவிட்டுக் கடை வைத்தாள். அவனை எடுபிடி ஆக்கினாள். அவன் சிரித்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடந்துகொண்டிருக்கும்போது கோவிலுக்கே கேட்கிற மாதிரி "நிக்கி எங்க?" என்று கேட்டான். சாமியாரே திரும்பிப் பார்த்தார்.

மன்னித்துவிடு என்று எழுதினால் போதாது. வேறு என்ன செய்யலாம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சூசைமேரி

13.8.2025

முதல் ஷிப்டுக்கு,

எட்டாம் நம்பர் பிளக் தளர்வாக வருகிறது. கவனிக்கவும். கையுறை வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் ஷிப்டு

29.8.2025

ஜைபா,

இரண்டு வாரமாக நாற்காலி உச்சியில் இருக்கிறது. எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் இதைப் படி, பாதியில் கிழிக்காதே.

இன்று மாதக் கடைசிக் கையெழுத்து. வழக்கமாக ஒரு தாள். இன்று மூன்று தாள் நீட்டினார் பிரியதர்ஷினி மேடம். ஜூன், ஜூலை தாள்களில் டீ கொட்டிவிட்டதாம், புதிதாக எழுதியிருக்கிறார்களாம். மற்ற மாதமாக இருந்தால் பெயரைக்கூடப் பார்க்காமல் போட்டிருப்பேன். நீ திட்டின திட்டு காதில் இருந்ததால் முதல்முறையாக வாசித்துப் பார்த்தேன்.

இரண்டாம் ஷிப்டு, ஐந்து பிள்ளைகள். முதல் பெயர் நிகத், தாயார் ஜைபா. ஜூன் மாதம் ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறாள். ஜூலையிலும் வந்திருக்கிறாள். நீ கேட்டுக்கு வெளியே நின்ற அந்த வியாழக்கிழமையும் வந்து, பால் ஒரு டம்ளர், முட்டை ஒன்று சாப்பிட்டிருக்கிறாள். ஜைபா, ஏட்டில் உன் மகள் மூன்று மாதமாகப் பால் குடிக்கிறாள். கன்னம் உப்பியிருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் மாதாமாதம் அந்தத் தாளை அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். தொழிலாளர் மெம்பர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. எனக்குத் தலை சுற்றுகிறது, திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போடாமல் இருக்க என்னால் முடியும். என்னை அவ்வளவு சீக்கிரம் வெளியே அனுப்ப முடியாது. ஆனால் உன் பெயரை இழுத்தால் நாளைக்கே உன்னை வரவேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். என் வீட்டுக்காரர் அருள்ஜோசப், "ஊர் வம்பு உனக்கெதுக்கு" என்கிறார். போனமுறை உன்னைக் கேட்காமல் செய்தேன். இந்தமுறை கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

சூசைமேரி

30.8.2025

அக்காவுக்கு,

முட்டையுமா?

உங்கள் கடிதத்தை மற்ற நான்கு பேருக்கும் கேண்டீனில் வாசித்துக் காட்டினேன். சரிதாவின் மகன் பாலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறவன், ஜூன் மாதம் முழுக்கக் குடித்திருக்கிறான் என்றதும் அவள் சோற்றில் புரையேறச் சிரித்தாள்.

பிறகு சரிதாதான் சொன்னாள், "ஏற்கெனவே வேலைய வுடப் போறவளுங்கதானே நாம. அவங்க தொரத்துனா என்ன, நாமளா போனா என்ன." இத்தனை நாள் மறுபடியும் நிகத்தைப் பார்த்துக்கொண்ட முனிலட்சுமியம்மா புதன்கிழமை கிளம்புகிறார். எனக்கும் இழக்க அவ்வளவுதான் இருக்கிறது.

என் பெயரைச் சொல்லுங்கள். ஐந்து பெயரையும் சொல்லுங்கள். ஆனால் புகார் என்று சொல்லாதீர்கள். புகார் என்றால் அவர்களுக்குக் கோபம் வரும். ஏட்டில் இருக்கிற பிள்ளைகளை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஒரு சுரைக்காயையாவது கறி வைத்துப் பார்ப்போம்.

நாற்காலியை இறக்கி வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக ஏற்றி வைத்தது வேண்டுமென்றேதான். பிடிவாதம் என் அத்தா கொடுத்த சொத்து.

ஜைபா

2.9.2025

என் ஒட்டகச்சிவிங்கிக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேனாவை நீட்டினால் வாங்கிவிடக்கூடாது என்று டிபன் பாக்ஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். நீ சொன்னபடியே சொன்னேன். "மேடம், நான் கமிட்டி மெம்பர். இந்த அஞ்சு பிள்ளைங்கள ஒருதரம் கண்ணால பாத்துட்டேன்னா உடனே கையெழுத்து போட்டுடறேன்." அவர் பேனாவை நீட்டினார். நான் டிபன் பாக்ஸை விடவில்லை. வேலை, விசுவாசம், லைன் லீடர் பதவி என்று என்னென்னவோ சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிள்ளைகளை எப்போது பார்க்கலாம் என்று திரும்பவும் கேட்டேன். இப்படி நான்குமுறை. பதினோரு வருடமாக ஒரே வயரைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவளிடம் பொறுமையில் ஜெயிக்க முடியுமா?

கடைசியில் அவர் துப்பட்டாவை விலக்கி அடையாள அட்டையைக் காட்டினார். மஞ்சள் நாடா. ஆமாம் ஜைபா, ஹெச்.ஆர். மேடமும் காண்ட்ராக்ட்தான், ஏஜென்சி மூலம் வந்தவர். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்துக்கொண்டுதான் நம்மையெல்லாம் அதட்டியிருக்கிறார். "எனக்கும் ஒண்ணரை வயசுல பையன் இருக்கான்க்கா. சேலத்துல எங்கம்மாகிட்ட. மாசத்துக்கு ஒருதரம் பாக்கறேன்" என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாளை அவர் பக்கம் திருப்பி, ஆறாவது வரியில் உங்க பையன் பேரை எழுதுங்க மேடம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் காலி வரியையே பார்த்தார். பிறகு மேலே போன் போட்டார். ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அந்த வெளிநாட்டுக்காரர்கள் நவம்பரில் ஏதாவது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்களாம், ஏட்டில் பிள்ளை இருந்து அறையில் பிள்ளை இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடுமாம். மூன்றாவது போனில் மேலே இருக்கிறவர் சரி என்றார்.

நாளையிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்கும் நிரந்தர பாஸ். நிரந்தரம் என்று எழுதி வாங்கினேன், இந்தமுறை எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் செப்டம்பர் தாளைத் தொட்டேன்.

கையுறையையும் கேட்டேன். அது வேறு டிபார்ட்மென்டாம். விடமாட்டேன். அதுவரை டிராயரின் இடது பக்கம் உன்னுடையது.

சூசைமேரி

12.9.2025

அக்காவுக்கு,

முதல் நாள் கேட்டுக்கு முன்னால் நிகத் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கன்னடக்கார செக்யூரிட்டி லிஸ்டை எடுத்து விரலை வைத்துத் தேடினார். "ஹெசரு இதே, ஹோகம்மா" என்று வழிவிட்டார். பெயர் இருக்கிறதாம், போகலாமாம். அவள் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு யானை இருக்கிற பக்கம் ஓடினாள். ரஞ்சிதா ஆயா கரடிப் பொம்மையை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார். இரவு வேனில் பாதிப் பேர் மடியில் பிள்ளை தூங்குகிறது, டிரைவர் பள்ளம் பார்த்து ஓட்டுகிறார். எட்சனுக்கு அவள் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். அது பென்சிலால் போட்ட வட்டம்தான், ஆனால் கடிதம் என்கிறாள்.

முனிலட்சுமியம்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. நான் வேலையில் இருக்கிறேன். இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

நேற்று ரஞ்சிதா ஆயா வருகைத் தாளைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை நிகத்துக்குச் சளிக் காய்ச்சல், வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நாள் கூலி போயிற்று, அது எப்போதும் போவதுதான். ஆனால் தாளில் அவள் பெயருக்கு நேராக அந்தக் கட்டத்தில் ஆப்சென்ட் என்று போட்டிருந்தது. வராத மூன்று மாதமும் ஒரு நாள் விடாமல் வந்தவள், வர ஆரம்பித்த பிறகுதான் லீவு போட்டிருக்கிறாள். அடுத்த நாள் போனாள், அதே பெயர், அதே வரி, அதே நம்பர். யாரும் அடிக்கவில்லை. புதிதாகச் சேர்க்கவில்லை.

அக்கா, எங்கள் வீட்டில் லீவு போட்டும் பெயர் அப்படியே இருக்கிற முதல் ஆள் என் மகள்தான்.

நாற்காலியை இறக்கி வைத்திருக்கிறேன்.

ஜைபா